பகல் தூக்கம்

“ஷ்ஷ்… மெதுவா!”

உதட்டில் விரலை வைத்து அவள் சொன்னதும் கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த நாத்தனார் ஓங்கிய கையோடு அப்படியே பார்த்தாள். நடுவில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவர் எழுந்து வந்து யாரையும் திட்டப்போவதில்லை என்பது அப்புறம்தான் சொன்னவளுக்கு உறைத்தது. “அழுங்க, அழுங்க” என்று முனகிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

என்ன செய்வாள், பாவம்! கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த உத்தியோகமே அதுதானே. புருஷன் ராத்திரி லாரி ஓட்டுகிறவர். விடிந்ததும் வந்து குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டால், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கதவைத் தட்டும்போதுதான் திறப்பார். அதுவரை வீட்டில் ஈ பறக்கக் கூடாது. மிக்ஸி அவர் வருவதற்கு முன்பே ஓடி முடிந்துவிடும். குக்கர் கொல்லைப்பக்கம் போய்த்தான் விசிலடிக்கும். காய்கறி வண்டிக்காரர் அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயே திறக்க மாட்டார். அவளிடம் அவ்வளவு வாங்கிக்கட்டியிருக்கிறார்.

மகனும் டிரைவர்தான், ஆனால் பகல் வண்டி. இருட்டினால் ஓரங்கட்டிவிட்டு வந்துவிடுவான். அப்பனும் மகனும் வாசலில் எதிரெதிரே வந்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

“பகல்ல நீ எங்கடா ஓட்டுற? வரிசையில நிக்குற. ராத்திரி பாரு, ரோடு பூரா நம்ம பேருக்கு எழுதிவெச்ச மாதிரி கிடக்கும். எஞ்சினும் சூடாகாது, டயரும் வெடிக்காது.”

“நீங்க ராஜா மாதிரி ஓட்டுங்க. பகல் பூரா ஊமையா திரியறது அம்மாதானே.”

யார் பக்கம் என்று அவளைக் கேட்டால், பகல் பக்கம்தான். ஒரு ராத்திரியாவது இந்த மனுஷன் பக்கத்தில் படுத்துத் தூங்க மாட்டாரா என்று இருக்கும். ஆனால் கேட்டதில்லை.

இன்றைக்கு அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்தாள், எழுந்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். வாசலுக்குப் போய், கலைந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்தாள்.

“ஒரு எடத்துல உக்காரும்மா” என்றான் மகன்.

“உக்காந்துதானடா இருக்கேன்” என்றாள், நின்றுகொண்டே.

நிலைப்படியோரம் மரக்கட்டை ஒன்று கிடந்தது. லாரி உருளாமல் இருக்க டயருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. வண்டியிலேயே வைத்தால் யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அவர் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். வருகிறவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். “இத எடுத்துக் கொல்லையில போடேன்” என்றாள் நாத்தனார். “கிடக்கட்டும்” என்றாள் இவள்.

வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். “தூக்கத்துலயே போயிட்டாரு. ஒரு சத்தம் இல்ல. கஷ்டப்படவே இல்ல.” அவர்களுக்காகச் சொல்லவில்லை. தனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவருடைய வண்டியில் மாற்று டிரைவர் அவன். அண்ணன் கண் அசந்துவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே வருவான். அதனால் அந்தப் பெயர். கும்பிட்டுவிட்டு நேரே கொல்லைப்பக்கம் வந்தான். அவனுக்குப் பேச்சே வரவில்லை.

“சொல்லுடா.”

“அண்ணி… முந்தாநாள் ராத்திரி அண்ணன் பாதி வழியில ஸ்டியரிங்க என்கிட்ட குடுத்துட்டாரு.”

“அவரா? ராத்திரியிலயா?”

“நெஞ்சு என்னமோ அடைக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு விடவான்னு கேட்டேன். ‘வேணாம்டா, வீட்டுக்கு விடு, அவ இருக்கா, பாத்துக்குவா’ன்னுட்டாரு. நானும் மடையன், வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போயிட்டேன்.”

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நேற்றுக் காலையில் அவர் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. சாத்தவும் இல்லை, பாதி திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் போனவள், அட, மறந்துபோய்த் தூங்கிவிட்டாரே, தெருச் சத்தம் உள்ளே போகுமே என்று, கீல் கிறீச்சிடாமல் கதவைத் தூக்கினாற்போலப் பிடித்து மெல்ல இழுத்துச் சாத்தினாள். கையைத் தட்டிக்கொண்டு போய்க் காய் நறுக்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தடித்ததற்குப் போய் ஒரு சத்தம் போட்டுவிட்டும் வந்தாள். ஐந்து மணிக்கு அவள் தட்டியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

மனுஷன் மறக்கவில்லை. அவளுக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்.

கூடத்தில் நாத்தனார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “அவள என்னத்தச் சொல்ல? எந்தம்பிதான் உள்ள தாப்பா போட்டுக்கிட்டு தூங்குறவனாச்சே. வெளிய இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?”

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்துபோயிருக்கும். முடியவில்லை அவளால். கூடத்து நடுவில் வந்து நின்றாள்.

“நேத்து அவரு தாப்பா போடல. கதவத் தொறந்துதான் வெச்சிருந்தாரு. நாந்தான் சாத்தினேன்.”

சத்தமாகத்தான் வந்தது குரல். அந்த வீட்டில் பகல் வேளையில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. நாத்தனார் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகன் அவளையே பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“தூங்கட்டும்னுதானேம்மா சாத்துன” என்றான் கடைசியில்.

அவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

நல்ல வெயிலில் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லோரும் கூடவே போய்விட, பெண்கள் கொல்லைப்பக்கம் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசல் விரியத் திறந்து கிடந்ததில் காற்று உள்ளே புகுந்தது. உள்ளறைக் கதவு கிறீச்சென்று நகர்ந்து சாத்திக்கொள்ளப் போனது.

அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு போய் நிலைப்படியோரம் கிடந்த கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கனம். கதவை முழுக்கத் திறந்து, அடியில் கட்டையைக் கொடுத்து, அவர் டயருக்குச் செய்வதுபோலக் காலால் ஓர் உதை உதைத்து இறுக்கினாள்.