மிக்சி ஸ்டாண்டும் ஸ்டாண்ட் மிக்சரும்

மகள் வந்தால் ரொட்டி, மழை வந்தால் ரொட்டி, இரண்டும் வராமல் வெறும் மனசு வந்தாலும் ரொட்டி. அந்த வீட்டில் ஓவன் சூடாக அவ்வளவு காரணம் போதும். சுடுகிறவர் டிரைவர். பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறவர் அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். கணவருக்கு அவர் 'ஹலோ'. மற்றவர்களுக்கு ஹலோவம்மா.

டிரைவரின் வலது தோள்பட்டை இறுகிக்கொண்ட பிறகு நல்ல மழைகளாக வந்து வீணாகப் போயின.

"என்னங்க, வெளியே கொட்டுது."

"கொட்டட்டும். துணி எடுத்துட்டியா?"

"துணி எடுத்தாச்சு. மாவு எடுக்கட்டுமா?"

"வேணாம் ஹலோ. ரொட்டியே அலுத்துப் போச்சு. கடையில விக்கிறதை வாங்கித் தின்னா குறைஞ்சா போயிடுவோம்?"

முகம் தெரியாதவர்களின் குரலை வைத்தே ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர் ஹலோவம்மா. 'ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் டாக்டரைக் கேட்டேன்' என்கிறவருக்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அலுத்துப் போச்சு என்ற குரலில் அலுப்பே இல்லை. கடைசியாக மாவில் கை வைத்த அன்று டிரைவர் பாதியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீதியை ஹலோவம்மா பிசைந்தார். ரொட்டி செங்கல்லாக வந்தது. அதை டிரைவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யாமல் சாப்பிட்டு முடித்தார். அதுதான் ஹலோவம்மாவைப் பயமுறுத்தியது.

மகளிடம் போனில் சொன்னார்.

"உங்கப்பா ரொட்டியை விட்டுட்டா அவ்வளவுதான்டி. டிவிக்கு முன்னால உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். பஸ்ஸை விட்ட புதுசுல எப்படி இருந்தார், ஞாபகம் இருக்கா? சாப்பிட வாங்கன்னா 'ம்', தூங்கப் போங்கன்னா 'ம்'. ரொட்டிதான் அவரை எழுப்பிவிட்டுச்சு."

"அம்மா, மாவு பிசையற மெஷின் வாங்கிடு. ஸ்டாண்ட் மிக்சர்னு கேளு. கொக்கி மாதிரி ஒண்ணு சுத்திச் சுத்திப் பிசையும்."

"என்ன விலை வரும்?"

"குக்கர் விலையிலயும் இருக்கு, ஸ்கூட்டர் விலையிலயும் இருக்கு. வாங்குறதே வாங்குறீங்க, நல்லதா வாங்குங்க. நான் அனுப்பட்டுமா?"

"நீ சும்மா இரு. எப்பவாவது சுடற ரொட்டிக்கு ஸ்கூட்டர் எதுக்கு?"

"அப்பா ஒத்துக்குவாரா?"

"அதுதான் தெரியல. உங்க கை போச்சுன்னு அவருக்கு மெஷின் வாங்கித் தந்தா, அவர் மூஞ்சி போயிடும்."

மறுநாள் டிரைவர் கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது, பாத்திரம் கழுவிக்கொண்டே, அது ஒரு விஷயமே இல்லை என்பது போல் ஹலோவம்மா சொன்னார்.

"அப்படியே அந்த ஸ்டாண்ட் மிக்சர் என்ன விலைன்னு கேட்டுட்டு வாங்க."

டிரைவர் திரும்பி வந்தபோது இடது கக்கத்தில் ஒரு தட்டையான அட்டைப் பெட்டி இருந்தது.

"விலை கேட்டேன். மலிவா இருந்தது, வாங்கியே வந்துட்டேன்."

பெட்டிக்குள் சதுரமாக ஒரு ஸ்டீல் பலகை. சுற்றி விளிம்பு, அடியில் ரப்பர் கால்கள்.

"என்னங்க இது?"

"நீ கேட்டதுதான். மிக்சி ஸ்டாண்ட்."

"நான் கேட்டது ஸ்டாண்ட் மிக்சர்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். மிக்சியை இது மேல வெச்சா ஆடாது, நகராது. எதையும் நகர விடாதுன்னு கடைக்காரர் சத்தியமே பண்ணாரு."

"நம்ம மிக்சி எப்பங்க நகர்ந்தது? வாங்கின நாள்லேர்ந்து அது உங்களை மாதிரி வெச்ச இடத்துலேயே இருக்கு."

"முன்னாடி சொன்னா என்ன, பின்னாடி சொன்னா என்ன? ரெண்டுலயும் அதே ரெண்டு வார்த்தைதானே?"

"அப்போ பஸ் டிரைவரும் டிரைவர் பஸ்ஸும் ஒண்ணா?"

டிரைவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. நிஜமாகவே காது ஏமாற்றியதா, கேட்டும் கேட்காத மாதிரி நடித்தாரா என்று ஹலோவம்மாவுக்கே பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை இழக்க அவருக்கு மனசில்லை.

"நாளைக்கு நானும் வர்றேன். பேக்கரி சாமான் விக்கிற கடைக்கே போவோம். பிடிக்கலைன்னா சும்மா பார்த்துட்டு வரலாம்."

"பார்க்கறதுக்கு என்ன, பார்ப்போம்."

பேக்கரி சாமான் கடையில் கேக் அச்சுகளுக்கும் மாவு மூட்டைகளுக்கும் நடுவே ஒரு நீள மேஜை. அதன் மேல் மிக்சர்கள் தலை குனிந்து வரிசையாக நின்றன. விற்பனைப் பெண் உள்ளேயிருந்து பிசைய வேண்டிய மாவை ஒரு வாளியில் எடுத்து வந்தாள்.

"வெறும் மெஷினை ஓட்டிக் காட்டினா எல்லாமே நல்லாத்தான் ஓடும்மா. மாவு போட்டாத்தான் தெரியும். எவ்வளவு நாளைக்கு ஒருவாட்டி சுடுவீங்க?"

"மழை வந்தா," என்றார் டிரைவர்.

அந்தப் பெண் பெரிய மெஷினிலிருந்து ஆரம்பித்தாள். கொக்கி சுழன்றது. மாவு திரண்டது. மேஜையில் ஒரு அதிர்வு கூட இல்லை.

"கல்லு மாதிரி நிக்கும் சார். ஆன் பண்ணிட்டு நீங்க போய்க் குளிச்சிட்டே வரலாம்."

"ஓ," என்றார் டிரைவர். "அப்போ நான் எதுக்கு?"

விற்பனைப் பெண் சிரித்தாள். ஹலோவம்மா சிரிக்கவில்லை. கேலி போல வந்த அந்தக் கேள்வியின் அடியில் கேலி இல்லை. டிரைவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருளைப் பார்ப்பது போல் அந்த மெஷினைப் பார்த்தார். பிறகு மாவு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு வாசலை.

"சின்னது காட்டும்மா," என்றார் ஹலோவம்மா அவசரமாக.

சின்னது மேஜைக் கடைசியில் இருந்தது. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கனம்.

"இது ஒரு ரொட்டிக்கான மாவு தாங்கும்மா. அதுக்கு மேல போட்டா மோட்டார் சூடாகும். தினம் சுடறவங்களுக்கு இதை நான் காட்டவே மாட்டேன். எப்பவாவதுன்னா தாராளமாப் போதும். ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். கெட்டி மாவு விழுந்தா நகரும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அது நகர்ந்தது. கொக்கி மாவை அடிக்க அடிக்க, தலையை ஆட்டிக்கொண்டு மேஜை விளிம்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்ததை ஹலோவம்மா பார்த்தார். டிரைவரின் இடது கை நீண்டு அதன் தலையில் உட்கார்ந்தது.

"டேய், டேய், எங்க போற?"

மெஷின் நின்ற இடத்திலேயே முனகிக்கொண்டு பிசைந்தது.

"வேகத்தைக் குறைம்மா. ஏத்தத்துல போறவன் டாப் கியரா போடுவான்? அழுவுது பாரு."

"சரிதான் சார், ரொட்டி மாவுக்கு ரெண்டாம் நம்பருக்கு மேல போகக் கூடாது. நான்தான் பேசிக்கிட்டே கூட்டி வெச்சுட்டேன்."

"இப்போ கேளு. மூச்சு சீரா வருதா?"

"வருது சார்."

டிரைவர் வலது கையின் இரண்டு விரலால் ஒரு துண்டு மாவைக் கிள்ளி எடுத்து, மெல்ல இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கிழிந்தது.

"இன்னும் கொஞ்சம் போகணும். நிறுத்தாதே."

ஹலோவம்மா பையைத் திறந்தார்.

"இதுக்கே பில் போட்டுடும்மா."

"ஒரு நிமிஷம்மா. இதைவிடக் கொஞ்சம்தான் கூட, நடுவுல ஒண்ணு இருக்கு. இவ்வளவு நகராது. விலையும் ரொம்ப வித்தியாசம் வராது. அதை ஒருவாட்டி பாருங்களேன்."

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு நிறத்துக்கு ஒத்து வராது."

டிரைவர் திரும்பினார். "நம்ம வீட்டுக்கு நிறம் வேற இருக்கா?"

"இருக்கு. நீங்க பார்த்ததில்லை."

அந்த வாரம் மழையே வரவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மழைக்குக் காத்திருந்தா நடக்காது," என்று ஈஸ்ட்டைக் கரைத்தார். ஹலோவம்மா பிளக்கைச் செருகினார்.

"போலாம் ரைட்!"

"கண்டக்டர் குரல் சரியில்லையே."

"ஓட்டற வேலையைப் பாருங்க."

மெஷின் சமையல் மேடையில் நடக்கப் பார்த்தது. இடது கையைத் தலையில் வைத்து, வலது தோளைச் சும்மா விட்டு, டிரைவர் அதோடு பேசிக்கொண்டே நின்றார். 'ஓரமாப் போ', 'பள்ளம் வருது', 'இதோ வந்துட்டோம்.' கடைசியில் கிள்ளி எடுத்து இழுத்த மாவு, அந்தப் பக்கம் அவர் விரல் தெரிகிற அளவுக்கு மெலிந்து வந்தது. கிழியவில்லை.

"ஹலோ, இங்க வந்து பாரு!"

"பார்க்கறேன், கத்தாதீங்க. மாவு எழுந்துக்கப் போகுது."

"எழுந்துக்கத்தான்டி வேணும் அது!"

ரொட்டி மொறுமொறுவென்று மேலே விரிந்து வந்தது. ஹலோவம்மா உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்றார். டிரைவர், உனக்கு நாக்கில்தான் குறைவு என்றார். வீடு பழையபடி ஆயிற்று.

டிரைவர் தோளுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்த ஒரு காலையில், அலமாரிக்கடியில் எதையோ தேடிய ஹலோவம்மாவின் கையில் அந்த மிக்சி ஸ்டாண்ட் தட்டுப்பட்டது. துடைத்தார். மேடையில் வைத்தார். அதன் மேல் மிக்சரைத் தூக்கி வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல் விளிம்புக்குள் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் மாவைப் போட்டு ஓட்டியும் பார்த்தார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ரப்பர் கால்கள் மேடையைக் கவ்விக்கொள்ள, மிக்சர் ஒரு அங்குலம் நகராமல் தன்பாட்டுக்குப் பிசைந்துகொண்டு போயிற்று. யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. போய்க் குளித்துவிட்டே வரலாம்.

ஹலோவம்மா அதை நிறுத்தினார். மாவைச் சப்பாத்திக்கு எடுத்து வைத்தார். ஸ்டாண்டைக் கொண்டுபோய் பால்கனியில் ரோஜாத் தொட்டிக்கு அடியில் செருகினார். அந்தத் தொட்டி அதற்கு முன்பும் எங்கேயும் நகர்ந்ததில்லை.

அடுத்த மழைக்கு மகள் வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மிக்சர் முனகிக்கொண்டிருந்தது. டிரைவரின் கை அதன் தலையில்.

"ஹலோ."

"சொல்லுங்க."

"நான் வாங்கின ஸ்டாண்ட் எங்க?"

ஹலோவம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தொட்டிக்கு அடியில."

"இதுக்கு அடியில வெச்சிருக்கலாமே. நகராம இருந்திருக்கும்."

துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்தார். "வெச்சுப் பார்த்தேங்க. அளவு பத்தல."

டிரைவர் மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். கொக்கி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார். "மெஷின் வந்த அன்னைக்கே, நீ காய் வாங்கப் போனப்போ நானும் வெச்சுப் பார்த்தேன். பத்தல."

ஹலோவம்மா தட்டைக் கீழே வைத்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பத்தாத ஸ்டாண்டைப் பற்றிப் பேசுகிற குரல் இல்லை அது. டிரைவரும் விளிம்புக்குள் மெஷினை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். அவரும் அதைத் தூக்கி, அலமாரிக்கடியில் தள்ளியிருக்கிறார்.

"ரொம்பவா பத்தல?"

"ரொம்பவே பத்தல."

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியாதுதான்."

ஹலோவம்மாவைப் பார்ப்பதற்காக டிரைவர் கையை எடுத்ததுதான் தாமதம், மிக்சர் மேடை ஓரத்தைப் பார்த்து ஒரு குதி குதித்தது.

"ஐயோ, பிடிங்க பிடிங்க! போகுது பாருங்க!"