பக்கத்து வூட்டுக் கண்ணு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு டோரதி வந்து கதவைத் தட்டி, "யக்கா, ஆர்க்கெட்டு செடிக்குக் கண்ணு பட்டுச்சு. கொஞ்சம் சுத்திப் போட வாயேன்" என்று கூப்பிட்டபோது ஜெயக்கொடி கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். அந்தக் கண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

காசிமேட்டுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வராண்டா என்றால், போன வருஷம் வரை ஜெயக்கொடியின் பூச்செடிகள்தான். உடைந்த ஐஸ் பெட்டியில் ரோஜா, பெயிண்ட் வாளியில் அடுக்குமல்லி. புருஷன் படகிலிருந்து கொண்டுவரும் மீனைக் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தவை. வெள்ளிக்கிழமையானால் மாடிப் பெண்கள் பூ கேட்டு வந்து நிற்பார்கள். இவளும் சலித்துக்கொண்டேதான் பறித்துக் கொடுப்பாள். அந்தச் சலிப்பில் இருந்த சுகம் இவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் டோரதி எங்கிருந்தோ ஓர் ஆர்க்கிட் வாங்கி வந்தாள். மண் கிடையாது. கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்ட தொட்டியில் வேர் வெளியே தொங்க உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் ஒரு செடியா என்று ஜெயக்கொடி நினைத்து முடிப்பதற்குள் ஊதாவாகப் பூத்துத் தொலைத்தது. ஒரு மாதமாகியும் வாடவில்லை. பூ கேட்டு வந்தவர்கள் இப்போது டோரதி வாசலில் நின்று போனில் படம் பிடித்தார்கள். ரோஜா முள் சேலையைக் கிழிக்கிறது, பெட்டியைத் தள்ளி வை என்று வேறு சொன்னாள் அதே மாடிப் பச்சையம்மா. வருஷக்கணக்கில் அந்தத் தலைக்குப் பூ கொடுத்தவள் ஜெயக்கொடி.

அந்த ஆர்க்கிட் மறுபடி காம்பு விட்டு மொட்டு கட்டியபோது இவளால் தாங்க முடியவில்லை. துணி காயப்போடும் சாக்கில் அதன் முன்னால் நின்று, கொட்டிப் போ என்று மனதுக்குள் சொன்னாள். தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாளே மொட்டுகள் மஞ்சளடித்து உதிரத் தொடங்கின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. இவள் டைபாய்டில் படுத்திருந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலை வாரிவிட்டவள் டோரதி. தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"மாதா கோயில் தீர்த்தம் தெளிச்சும் கேக்கலக்கா. நீ வந்தது ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னிய திட்டுவாரு. இன்னா பண்றது, உன் கைதான் ராசி" என்றாள் டோரதி, தன் வாசலில் இருந்த செடியைக் காட்டி.

கல்லுப்பையும் மிளகாயையும் பிடிக்குள் வைத்து ஜெயக்கொடி செடியைச் சுற்றினாள். "ஊருக்கண்ணு, ஒறவுக்கண்ணு, மேல்மாடிக் கண்ணு, கீழ்மாடிக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு..." வாய் பழக்கத்தில் ஓடி, ஓரிடத்தில் தயங்கி, தாண்டிப் போனது.

"பக்கத்து வூட்டுக் கண்ண வுட்டுட்டியேக்கா" என்றாள் டோரதி. "எப்பவும் அத்த தானே மொதல்ல சொல்லுவ."

"பக்கத்து வூட்டுக் கண்ணு" என்றாள் ஜெயக்கொடி. மூன்று தடவை துப்ப வேண்டும். வாய் வறண்டு கிடந்தது. துப்புகிற சத்தத்தை மட்டும் செய்தாள்.

இரும்புச் சட்டியில் தணல் தயாராக இருந்தது. போட்ட மிளகாய் நெடி ஏறித் தொண்டை கமறினால் கண் ஏதும் இல்லை. கமறாவிட்டால் பட்டது பொல்லாத கண். அது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மிளகாய் சுருண்டு கருகியது. புகை வந்தது. நெடி வரவில்லை. ஜெயக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள்.

"யப்பா, இன்னா கமறு கமறுது. கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லடி. வெயிலுக்குத்தான் கொட்டிகினு கீது" என்று சொல்லி, இன்னும் பலமாக இருமினாள்.

டோரதி சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள். அவளுக்கு இருமல் வரவில்லை. நிமிர்ந்து, இருமிக்கொண்டிருந்த ஜெயக்கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நைட்டியின் மேல் கிடந்த துண்டை இழுத்து, அந்த ஒற்றை மொட்டை மூடினாள்.