கைராசிப் படலம்

அந்தப் பொருளறிவியல் துறையில் அவளுக்குக் ‘கைராசி’ என்று பேர். முனைவர் பட்டம் இன்னும் வந்து சேரவில்லை. பட்டப்பெயர் மட்டும் முந்திக்கொண்டு வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் செய்துகொண்டிருந்தது ஒரு மெல்லிய பாலிமர் படலம். கண்ணாடித் துண்டின் மேல் ஊற்றிக் காயவைத்தால், இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பிளேடால் ஒரு கீறல் போட்டு மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தால், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கீறலின் இரண்டு கரைகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், சூடு வேண்டாம். சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி, எப்போது சேர்ந்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவருக்கே தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். இந்த வித்தை அவள் கையில் மட்டும்தான் நடந்தது. ஆரம்பத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வகங்களில் இதெல்லாம் சகஜம். ஒருத்தர் தொட்டால் எந்த எந்திரமும் ஓடும்; இன்னொருத்தர் எட்டிப் பார்த்தாலே நின்றுவிடும். அறிவியல்காரர்களுக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூலையில் இருந்த பழைய வெற்றிடப் பம்பை அந்தத் துறையில் ஒருத்தரும் திட்ட மாட்டார்கள், கோபித்துக்கொள்ளும் என்று.

போதாக்குறைக்குப் பல்கலைக்கழகச் செய்திப் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். கடுகைக் கொடுத்தால் மலையாக்கிவிடுவார். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்த வாரமே ‘இனி எதுவும் கீறாது!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, கைராசி ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிற படத்தையும் போட்டுவிட்டார். கைராசியின் கணவன் பல் மருத்துவன். வாயை அகலத் திறந்து படுத்திருந்த ஒரு நோயாளி, அந்த நிலையிலேயே, “கார் பெயின்டுக்கு அது எப்ப வரும்?” என்று கேட்டாராம். கேட்டது புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று என்று அவன் வீட்டில் வந்து சொன்னான்.

சிரிப்பெல்லாம் அந்த ஃபோன் வரும்வரைதான். வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கூப்பிட்டார். கறார் என்றால் அப்படி ஒரு கறார். அவர்தான் கைராசியின் ஆய்வேட்டை மதிப்பிட்டு வாய்மொழித் தேர்வு நடத்த வரப்போகிறவரும்கூட. இவளுடைய பேராசிரியர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நீங்க எழுதினபடியேதான் செஞ்சோம். எங்க படலம் ஒட்டல. கீறினா கீறினபடியே கிடக்கு. என் பசங்க மாத்தி மாத்திச் செஞ்சு பார்த்துட்டாங்க. உங்க ஆய்வகத்துலயாவது வேற யாராவது செஞ்சு காட்டியிருக்காங்களா?”

பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ‘அவளுக்குக் கைராசி மேடம்’ என்றா சொல்ல முடியும்?

நல்ல மனுஷர் அவர், கத்தவில்லை. ஃபோனை வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். “இதோ பாரும்மா. அவங்க தேர்வுக்கு வர்றதுக்குள்ள இன்னொருத்தர் கையில ஒரே ஒரு தடவை ஒட்டணும். இல்லன்னா கட்டுரையை நாமளே திரும்ப வாங்கிக்கிறதுதான் மரியாதை. அதுக்கப்புறம் ஆய்வேட்டுல என்ன மிஞ்சும்னு உனக்கே தெரியும்.”

தெரியும். ஒன்றும் மிஞ்சாது.

இன்னொருத்தர் என்றால் ‘முகமூடி’தான். அவளுக்கு அடுத்த ஆராய்ச்சி மாணவன். முகக்கவசமும் இரட்டைக் கையுறையும் இல்லாமல் ஆய்வகத்துக்குள் கால் வைக்க மாட்டான். கைராசிக்கு முகக்கவசம் ஒத்துவராது. போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே பனிமூட்டமாகிவிடும். முகமூடி அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு நிதானமாகச் செய்வான். அவனுடைய கீறல் ரூல் போட்ட கோடு மாதிரி இருக்கும். காபி குடித்து வந்து பார்த்தாலும் ரூல் போட்ட கோடு மாதிரியே இருக்கும்.

“ஈரம்தான்,” என்று பேராசிரியர் தீர்ப்பளித்தார். “எங்கேயோ ஈரம் ஏறுது. ஈரம் இருந்தா எதுவும் ஒட்டாது.”

வீட்டில் கணவனும் அதையே சொன்னான். “பல்லுல எதையாவது ஒட்டணும்னா முதல்ல காத்தடிச்சு நல்லா காய வைப்பேன். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பிடிக்காது.”

ஆகவே காயவைத்தார்கள். படலத்தை உலர்பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளை அள்ளிக் கொட்டினார்கள். அறையின் ஏசியைக் கூட்டி வைத்தார்கள். எல்லோர் உதடும் வெடித்தது. முகமூடியின் கீறல் அசையவில்லை. அவள் கையில் மட்டும் ஒட்டியது, அதுவும் வழக்கத்தைவிட மெதுவாக, வேண்டாவெறுப்பாக.

இதற்குள் துறையில் பேச்சின் நிறம் மாறிவிட்டது. ஒரு நாள் காபி எந்திரத்தின் பக்கம் போனபோது, மறுபுறம் யாரோ சொன்னது காதில் விழுந்தது. “கைராசியாம் கைராசி. கீறின துண்டை எடுத்துட்டுக் கீறாத துண்டை வெச்சா எல்லாருக்கும்தான் ஒட்டும்.”

காபி எடுக்காமலே திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ‘ஹா’ என்று ஊதித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். அழுததை அப்படித்தான் மறைக்க முடிந்தது. இத்தனை நாள் செல்லமாகக் கூப்பிட்ட அந்தப் பேர் இப்போது சாட்டையாகத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. அறியாமல் துண்டுகளை மாற்றி வைக்கிறோமோ? அன்று முதல் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பேனாவால் குறி வைக்கத் தொடங்கினாள். குறி வைத்த துண்டும் ஒட்டியது. தான் திருடி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது?

இந்த லட்சணத்தில் செய்திப் பிரிவு அம்மாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆய்வு வாரம் வருகிறதாம், எல்லாத் துறையிலும் ஒரு சின்னப் படம் எடுக்கிறார்களாம்.

“போன தடவை போட்ட செய்தியை எத்தனை பேர் படிச்சாங்க தெரியுமா, டாக்டர்?”

“நான் இன்னும் டாக்டர் ஆகல மேடம்.”

“ஆயிடுவீங்க, ஆயிடுவீங்க. கீறுங்க, நான் எடுக்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று பிளேடை எடுத்தாள். கீறினாள், மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள், திரையில் கீறல் மெல்ல மறைந்தது. அம்மாள் கைதட்டினார். பின்னால் நின்ற முகமூடி பெருமூச்சு விட்டான்.

“பிரமாதம்! ஒரே ஒரு சின்ன விஷயம். இன்னொரு தடவை செய்யலாமா? இந்தத் தடவை ஊதாம செய்யுங்க.”

“எதை ஊதாம?”

“அதான், கீறிட்டு வைக்கிறதுக்கு முன்னாடி வாய்கிட்ட கொண்டு போய் ஊதறீங்கல்ல, அது. எச்சில் படற மாதிரி இருக்கு. பார்க்க நல்லா இல்ல.”

“நான் எங்க ஊதினேன்?”

அம்மாள் கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினார். பிளேடு கீறுகிறது. துண்டு மேலே எழும்புகிறது. கைராசியின் உதடு குவியாமல், அகலத் திறந்து, மூக்குக்கண்ணாடிக்கு விடுகிற அதே ‘ஹா’வை விடுகிறது. துண்டு ஒரு கணம் வெளுத்துத் தெளிகிறது. பிறகுதான் அது மைக்ரோஸ்கோப்பின் அடிக்குப் போகிறது. தூசி போகட்டும் என்று செய்கிற பழக்கம். எந்நாளும் செய்ததுதான், ஒரு நாளும் செய்கிறோம் என்று தெரியாது.

“சரி,” என்றாள். இன்னொரு துண்டை எடுத்து, கீறி, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

ஒட்டவில்லை.

காத்திருந்தார்கள். அம்மாள், “பேட்டரி தீர்ந்துடும் போலிருக்கே,” என்று முணுமுணுத்தார். கீறல் ஆடாமல் அசையாமல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆராய்ச்சிக்காரி உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

“தம்பி, முகக்கவசத்தைக் கழட்டு,” என்றாள்.

“ஐயோ, எதுக்குக்கா?”

“கழட்டுடா முதல்ல!”

கழற்றினான். இத்தனை நாளில் அவனுக்கு மீசை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவன் கீறிய துண்டில் கூச்சப்பட்டுக்கொண்டே ‘ஹா’ என்றான். வைத்தான். ரூல் போட்ட கோடு திரையில் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் தயங்கி, காணாமல் போயிற்று.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். “ஈரம்! ஈரத்தைக் குடிச்சு இளகித்தான் ஒட்டுதா? நாம அதைப் போட்டுக் காய வெச்சு, காய வெச்சு…” என்று தலையில் அடித்துக்கொண்டார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனை வெயிலில் நிறுத்தி வைத்த கதைதான். பிறகு, ஈரக்காற்றை அளந்து விடுகிற பெட்டி ஒன்று செய்து, முறையாகச் சோதித்து, அப்புறம் தேர்வுக்கு வரும் அந்த அம்மையாருக்குத் தெரிவிக்கலாம் என்றார்.

கைராசிக்கு அதுவரை பொறுக்கவில்லை. அங்கேயே ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் வைத்து, அந்தப் பேராசிரியையைக் கூப்பிட்டாள்.

“ஊதணுமா?” என்றார் பேராசிரியை. “ஏம்மா, இது ஆராய்ச்சியா, இல்ல ஊதி மந்திரிக்கிற வேலையா?”

“கண்ணாடி துடைக்க ஊதுவீங்கல்ல மேடம், அப்படி ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. ஒட்டலன்னா நானே தேர்வு வேண்டாம்னு எழுதித் தந்துடறேன்.”

பேராசிரியர் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, அலமாரி திறந்தது, யாரையோ அதட்டிப் பிளேடு கேட்டார் பேராசிரியை. பிறகு ஃபோன் வழியாகத் தெளிவாக ஒரு ‘ஹா’ கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முகமூடி நகம் கடிக்கப் போய், கையுறையைக் கடித்தான்.

“ஒட்டிடுச்சு,” என்றது ஃபோன்.

முகமூடி கையுறையை வாயிலிருந்து எடுத்தான்.

“ஏம்மா, இதைக் கட்டுரையில ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இத்தனை நாள் எங்களைத் திண்டாட விட்டியே!”

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் மேடம்.”

அந்தக் கறார் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். “சரி சரி. தேர்வுல முதல் கேள்வி இதுதான். நல்லா படிச்சுட்டு வா.”

கைராசி ஃபோனை வைத்தாள். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கண்ணில் வந்தது அதன் பாட்டுக்கு வழிந்தது. தன் கையில் மட்டும் நடக்கிறது என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டிருந்தாள் இத்தனை நாள். இன்றைக்கு அவள் காலே படாத ஓர் ஊரில், இல்லை என்று நிரூபிக்க உட்கார்ந்தவர் கையிலேயே நடந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்துக்கு அந்தப் பெருமை கால் தூசிக்கு ஆகாது என்று இருந்தது அவளுக்கு.

“அப்ப இனிமே உங்களைக் கைராசின்னு கூப்பிட முடியாதேக்கா,” என்றான் முகமூடி. “எல்லாருக்கும்தான் ஒட்டுது.”

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்று பிளேடை அவனிடம் நீட்டினாள். “நீ இன்னொண்ணு கீறி ஊது. நான் காபி குடிச்சுட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டு, ஒட்டுமா ஒட்டாதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனாள்.