சாம்பல் புள்ளிக்கு ஒரு லைசென்ஸ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கொலைக்காகத் தொடங்கியது. அலுவலகம், கணினி, வைரஸ், பிணம். விவரம் கேட்கத் தங்கைக்குப் போன் போட்டேன். கம்பெனியின் எல்லாக் கணினிகளுக்கும் ஆன்டிவைரஸ் லைசென்ஸ் வாங்கி, பங்கிட்டு, புதுப்பிப்பது அவள் உத்தியோகம்.

"கொலையா? இங்க லைசென்ஸே பத்தல அண்ணா, பிணத்துக்கு எங்க போறது?"

கொலை அங்கேயே செத்தது. பிறகு அவள் இதைச் சொன்னாள்.

2

'அந்தச் சாம்பல் புள்ளி அவளையே முறைத்துக்கொ

(அடித்துவிட்டேன். புள்ளி முறைக்காது. வாரப் பத்திரிகைப் புத்தி.)

நேராகச் சொல்கிறேன். தங்கையின் திரையில் லைசென்ஸ் பெற்ற ஒவ்வொரு கணினிக்கும் ஒரு புள்ளி. புழக்கத்தில் இருந்தால் பச்சை. நெடுநாள் திறக்காமல் கிடந்தால் சாம்பல். கணக்குப் பிரிவு அக்காவின் புள்ளி சாம்பலாகிவிட்டிருந்தது. அக்கா அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார். தங்கை பார்க்கப் போகும்போதெல்லாம் படுக்கையிலிருந்தே கேட்பார்:

"என் புள்ளி இருக்கா?"

"இருக்குக்கா. யார் கேட்டாலும் தரமாட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். லைசென்ஸ் இல்லாத கணினியை நெட்வொர்க்கில் விடக்கூடாது. கையிருப்பில் ஒன்றுகூட இல்லை. மனிதர் இருண்ட திரைமுன் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் வந்தார். "அந்த அம்மாவோடத எடுத்துக் குடும்மா. அவங்க வந்தா பாத்துக்கலாம்."

தங்கைக்குச் சுருக்கென்றது. "வந்தாவா சார்?"

"சரி, வரும்போது. அதுவரைக்கும் இவர் என்ன, என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

3

(முடிவு ஒன்று: தங்கை தன் லைசென்ஸையே கழற்றிக் கொடுக்கிறாள். காவல்காரி வீட்டுக் கதவு திறந்து கிடக்க, வைரஸ் நுழைகிறது. படித்துக் காட்டினேன். "கதை எழுதுறியா, என் வேலைக்கு உலை வைக்கிறியா?" என்றாள். அதுவும் போயிற்று.)

நடந்தது வேறு. சாம்பலைத் தொட மனமில்லாமல், பட்டியலை மேலிருந்து கீழே சலித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. போன மாதம் மேலாளரின் கணினியைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியவள் அவள்தான். பழைய பதிவை நீக்க மறந்திருந்தாள். ஒரே கணினி, இரண்டு லைசென்ஸ் தின்றுகொண்டிருந்தது.

"சார், நீங்க இங்க ரெண்டு பேரா இருக்கீங்க."

"ஒருத்தன் பேச்சையே யாரும் கேக்கறதில்ல. ரெண்டா?"

"தப்பு என்னோடதுதான் சார். ஒருத்தரத் தூக்கிடவா?"

"வேலை செய்யாத ஆளாப் பாத்துத் தூக்கும்மா."

"அது எது சார்?"

மேலாளரே சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் புதியவரின் திரை உயிர்பெற்றது. பச்சை.

4

அக்கா இப்போது வீட்டில். நாளை வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "காலையில உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு" என்றும் சேர்த்திருக்கிறார். மடிக்கணினியை அக்கா இன்றே பையில் எடுத்து வைத்துவிட்டாராம்.

கடைசி வரிக்கு உட்கார்ந்தேன்:

மறுநாள் காலை, அந்தச் சாம்பல் புள்ளி

இதற்குமேல் ஓடவில்லை. ஆளைத் தீர்த்துக்கட்டியே பிழைத்த பேனா. ஒருவரை எழுப்பி நடக்கவைக்கக் கூச்சப்படுகிறது. நிறத்தை நீங்களே எழுதிவிடுங்கள். அந்த வரியில் அக்காவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

யார் கேட்டாலும் தரமாட்டேன்.