வியாதி தம்பிக்கு, குணம் அக்காவுக்கு

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். யாரோடும் பேசத் தேவையில்லை என்பதற்காகவே பிடித்த வேலை. பள்ளி முடித்த காலத்திலிருந்து அவளுக்கு எதுவும் ருசிக்கவில்லை. தன்னை எவருக்கும் பிடிக்காது என்று அடித்துச் சொல்வாள். பெண் பார்க்க வந்தவர்களும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அதை ஆமோதித்துப் போனார்கள். "பிறவிக்குணம், மட்டை வெச்சுக் கட்டினாலும் மாறாது" என்று அம்மா ஃபைலை மூடிவிட்டாள்.

தம்பி வங்கி அதிகாரி. சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவன் திடீரென்று குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்து அழுதான். வீடு இரண்டுபட்டது. அத்தைமார் ஆப்பிளோடு வந்தார்கள். அப்பா முதன்முறையாக டிவி சத்தத்தைக் குறைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா சமைத்துப் போட்டாள்.

மனநல டாக்டரின் அறையில் தம்பி வாயே திறக்கவில்லை. அக்காதான் சொன்னாள்.

"காலையில ஏன்டா எழுந்தோம்னு இருக்கும் டாக்டர். நல்ல சேதி வந்தாக்கூட, பக்கத்து வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்."

தம்பி தலையாட்டினான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லையே. எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்?"

கூட வந்திருந்த அம்மா குறுக்கே விழுந்தாள். "அவளை விடுங்க. வியாதி இவனுக்கு. அவளுக்கு அது குணம்."

"அவங்களுக்கும் வியாதிதான்னு தோணுது. பல வருஷமா ஊறிப் போனது. குணம் எதுன்னு அது இறங்கின பிறகுதாம்மா சொல்ல முடியும்."

தம்பி சில மாதங்களில் எழுந்து வேலைக்குப் போனான். அக்காவுக்கு மாத்திரையும் வாராந்திரப் பேச்சுமாக ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. தன்னை யாருக்கும் பிடிக்காது என்ற நினைப்பு மெல்லக் கழன்றது. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவது மட்டும் போகவில்லை. அது அவளுடைய சொந்தச் சரக்கு. ஆனால் அடியிலிருந்து யாரும் எதிர்பாராத ஒன்று கிளம்பியது. வாய்.

"என்ன உம்மணாமூஞ்சி, சௌக்கியமா?" என்றார் விருந்துக்கு வந்த மாமா.

"உங்க முகத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு என் மூஞ்சி வேற எப்படி மாமா இருக்கும்?"

மாமா சாப்பிடாமல் போனார். மறுநாளே அம்மா மகளை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"பழைய பொண்ணே தங்கம். மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சுடுங்களேன்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் கன்னத்தில் குழி விழும் என்பதே அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னடி இளிப்பு?" என்று அதட்டினாள்.