அனுப்பியவர் என் தங்கைதானா?

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவை இரண்டு போன் அழைப்புகள். இரண்டும் ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளிலிருந்து வந்தன. முதலில் பேசியவள் என் தங்கை; தையல் கடை வைத்திருக்கிறாள். அடுத்துப் பேசியவர் அவள் கணவர். ஓர் அலுவலகத்தின் மெயில்களில் போலி புகாமல் காவல் இருப்பது அவர் வேலை. நான் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

‘மாலை வெயில் ஜன்னல் வழியே—’ என்றுதான் முதலில் தொடங்கினேன். சண்டை நடக்கிற வீட்டில் வெயிலை யார் பார்த்தார்கள்? அடித்துவிட்டேன்.

2

(இந்தப் பகுதியில் கட்டுரை வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சல்லடை தன் உண்மையான மெயில் முகவரியை யாருக்கும் தரமாட்டார். செருப்புக் கடைக்கு ஒரு மாற்று முகவரி, பல் டாக்டருக்கு வேறொன்று. எல்லாம் ஒரே இன்பாக்ஸுக்குத்தான் வந்து சேரும். செருப்புக் கடைக்குத் தந்த முகவரிக்கு லோன் விளம்பரம் வந்தால், காட்டிக்கொடுத்தது யாரென்று தெரிந்துவிடும். அந்த முகவரியை மட்டும் வெட்டிவிடலாம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

மனைவிக்கும் அப்படி ஒன்றைத் தந்திருந்தார். போன வாரம் அது அவளுக்குத் தெரிந்துபோனது.

“அப்போ நானும் செருப்புக் கடையும் ஒண்ணா?”

“இல்லம்மா, உன் மெயிலுக்குத் தனி கலர் வெச்சிருக்கேன்.”

(இங்கே அவருக்கு உருப்படியாக ஒரு பதில் எழுதப் பார்த்தேன். “உன்னை நான்—” என்று மூன்று முறை தொடங்கினேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.)

3

தங்கை போனில் அழுதாள்.

“நேர்ல சொல்ல வாய் வரல அண்ணா. தப்பு என் மேலயும் இருக்குன்னு மெயில் போட்டேன். பதிலே இல்ல. நான் கிளம்பி உன் வீட்டுக்கு வந்துடறேன்.”

தையல் கடையின் புது முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறாள். கடைப் பெயரில் வரும் மெயில் நிஜமாகவே கடையுடையதுதானா என்று அது போய்ச் சேரும் பக்கம் சரிபார்க்கும். அதற்கு முன்கூட்டியே சில பதிவுகள் செய்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த எத்தனும் அந்தப் பெயரில் எழுதலாம்; கடையே எழுதினாலும் போலியாகத்தான் தெரியும். செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டவர் சல்லடை. ஊருக்கெல்லாம் செய்தார், வீட்டுக்குச் செய்யவில்லை.

4

“மச்சான், உங்க தங்கச்சி பேர்ல எவனோ போலி மெயில் அனுப்பியிருக்கான். சரிபார்ப்புல தேறல.”

“என்ன எழுதியிருக்கு?”

“தப்பு என் மேலயும் இருக்குன்னு. நீங்களே சொல்லுங்க, அவ என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்காளா? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

அண்ணன் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்தது. அவளோடு வளர்ந்தவன் என்ற முறையில் வாதம் சரியாகவே பட்டது.

“அது அவளேதான். கிளம்பிட்டிருக்கா. எழுந்து போங்க மாப்ள!”

“அப்போ பதில் மெயில் போடட்டுமா?”

நான் போனில் சொன்னதை அச்சில் போட முடியாது.

5

இரண்டு முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். என் தங்கையைத் தெரிந்தவர் யாரும் அதை நம்பமாட்டார்கள். மற்றதில் அவள் என் வீட்டுக்கே வந்து தங்கிவிடுகிறாள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, வேறு எழுதச் சொன்னாள்.

ஆகவே, இப்போதைக்கு இவ்வளவுதான்: சல்லடை அவள் அறை வாசலில் நிற்கிறார். அவள் துணி மடிப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறாள்.

“என்ன?”

“அந்த மெயில் நீ எழு—”

(ஐயோ, வேண்டாம்.)

அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். எனக்கும் வாக்கியம் வரவில்லை. படிக்கிறவர்களில் கல்யாணமானவர் யாராவது இருந்தால் சல்லடையின் காதில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சீக்கிரம். அவள் இன்னொரு தடவை “என்ன?” என்று கேட்கமாட்டாள்.