வெண்டலின் சிலை எந்தப் பக்கம் பார்க்கும்?

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பின்பக்கத்திலிருந்து பிறந்தது. பக்கத்து வீட்டு வெண்டல் க்ரோபக் தக்காளிச் செடிக்கு உரம் போடக் குனிந்திருந்தார். சமையலறை ஜன்னலில் காபியோடு நான். இத்தனை பெரிய உடம்பு எப்படி இத்தனை லாவகமாகக் குனிகிறது என்று யோசித்தேன். விசாரித்தேன். மாட்டிக்கொண்டேன்.

முதல் வரி இப்படித் தொடங்கியது: "விஸ்கான்சினின் பனி போர்த்திய சமவெளியில், ஒரு மாவீரன்..."

(அடித்துவிட்டேன். மாவீரன் கையில் எரு.)

2

வெண்டல் ஒரு காலத்தில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர். அவருக்கு ஒரே வேலை. குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். பின்னால் இருப்பவர்கள் அதைப் பிடித்து உதைப்பார்கள். எறிந்த மறுகணம் எதிரணி மொத்தமும் எருமைக் கூட்டம்போல் இவர்மேல் வந்து விழும். பந்து சரியாகப் போனால் கைதட்டல் உதைத்தவருக்கு. தப்பாகப் போனால் மட்டும் ஒலிபெருக்கியில் இவர் பெயர். வெண்டல் தப்பே செய்யவில்லை. ஆகவே யாருக்கும் அவரைத் தெரியாது.

[இதை வைத்து எப்படி ஐயா கதை எழுதுவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.]

ஒரே ஒரு முறை கேமரா அவர் பக்கம் திரும்பியது. டிசம்பர் மாத ஆட்டம், கடைசி உதை. வெண்டல் குனிந்ததும் கால்சட்டை பின்னால் டர்ரென்று கிழிந்தது. உள்ளே, மனைவி மார்லிஸ் பண்டிகைக்கு வாங்கித் தந்த கலைமான் படம் போட்ட உள்ளாடை. அவர் அசையவில்லை. பந்து நூல் பிடித்தாற்போல் போனது. அணி ஜெயித்தது. மறுநாள் பத்திரிகையெல்லாம் கலைமான்கள். முகம் ஒன்றிலும் இல்லை.

"அவமானமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பந்து நேராத்தானே போச்சு," என்றார். பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே, "மூஞ்சியும் ஓரமா ஒரு படத்துல வந்திருக்கலாம்தான்," என்றார்.

3

எங்கள் ஊர் ஓல்ஸ்டட்டின் மேயர் டெல்பர்ட்டுக்குத் திடீரென்று ஊர்ப்பற்று பொங்கியது. சதுக்கத்தில் வெண்டலுக்கு வெண்கலச் சிலை. குனிந்த கோலம், முகம் தெரியத் தலைக்கவசம் கிடையாது. சிக்கல் இதுதான்: சதுக்கத்தின் ஒரு பக்கம் சர்ச், எதிரே நூலகம். சிலையின் தலை ஒரு பக்கம் பார்த்தால் மற்றது மறுபக்கம் பார்க்கும்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது, சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது.

"கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை வெளிய வந்தா எதிர்ல அதுவா நிக்கணும்?" என்றார் போதகர் இங்க்ரிட்.

"கதை கேக்க வர்ற குழந்தைங்க மட்டும் பாக்கலாமா?" என்றார் நூலகர் மை வாங்.

"மோட்டார் வச்சுச் சுத்த விட்டுரலாமே, எல்லாருக்கும் சமபங்கு," என்றார் மேயர். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூலையில் வெண்டல் முள்கரண்டியை வைத்தார். "விடு டெல்பர்ட். நிமிந்து நிக்க வச்சா அது நான் இல்ல. குனிய வச்சா ஊருக்குள்ள சண்டை. எனக்குச் சிலை வேணாம்."

("அவர் கண்ணோரம் ஒரு துளி..." என்று எழுதினேன். அது மீனுக்குப் பிழிந்த எலுமிச்சை. நீக்கிவிட்டேன்.)

4

மார்லிஸ் எழுந்தாள்.

"இந்தாளு மூஞ்சிய நான் முதல்ல எப்படிப் பாத்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துல எங்கண்ணன்தான் பந்தை உதைக்கிறவன். அவன் கால் சுளுக்கிக்கிச்சுன்னு பயிற்சிக்கு நான் போய்ப் பின்னால நின்னேன். ஒரு குளிர்காலம் பூரா இவன் மூஞ்சிய முட்டிக்கு நடுவுல தலைகீழாத்தான் பாத்தேன். செக்கச்செவேல்னு, நாக்கைத் துருத்திக்கிட்டு. அப்புறம் நடனத்துக்குக் கூப்பிட நேரா வந்து நின்னான். யாருடா நீன்னு கேட்டுட்டேன்!"

கூடம் அதிர்ந்தது.

"வெண்டல், எந்திரி. குனி."

"மார்லிஸ், இப்பத்தான் மீன் சாப்பிட்டேன்."

"குனின்னா குனி."

குனிந்தார். எல்லோரும் பின்னால் போய்ப் பார்த்தோம். இரண்டு முட்டிகளுக்கு நடுவே, தலைகீழாக, சிவந்து, நாக்கை நீட்டி, சிரித்துக்கொண்டிருந்தது வெண்டலின் முகம். முன்னால் போய்ப் பார்த்தோம். வழுக்கை மட்டும்.

இங்க்ரிட் தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சுப் பாத்தா, கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஒரு சிரிச்ச முகம் நல்லதுதான்."

"அதெப்படி? அந்த உயரத்துக்குக் குழந்தைங்கதான் சரி. பின்பக்கம் எங்களுக்குத்தான்!" என்றார் மை வாங்.

சண்டை புதிதாகத் தொடங்கியது, முன்னைவிடப் பலமாக.

"நான் நிமிரலாமா?" என்ற குரல் யார் காதிலும் விழவில்லை.

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். சர்ச் ஜெயிப்பது. நூலகம் ஜெயிப்பது. மூன்றாவதில் மோட்டார் சுற்றிச் சுற்றி, சிலை மேயர் மேலேயே...

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். மேயரும் சிற்பியும் கதவடைத்து முடிவெடுத்து, சிலையை நிறுத்தித் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று வெண்டலுக்கே தெரியாது. இன்று திறப்பு விழா.

"குரு இழுக்கட்டும் கயித்தை," என்றாள் மார்லிஸ், என்னைக் காட்டி. "அவன் சர்ச்சுக்கும் வர்றதில்ல, லைப்ரரி புத்தகத்தையும் திருப்பிக் குடுக்கிறதில்ல. நடுநிலை."

இதோ சதுக்கத்தில் நிற்கிறேன். பேண்டு வாத்தியம் ஓய்ந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் எழுதினாலும் பாதி ஊர் என்னோடு பேசாது. கயிற்றைப் பிடித்தபடி தவிக்கையில் வெண்டல் வந்து, கோட்டைக் கழற்றி என் கைகளில் போட்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"சிலை ஒரு பக்கம்தான் காட்டும். தோத்த பக்கத்துக்காரங்க பாவம்ல? அவங்களுக்கு நானே குனிஞ்சிடறேன். நீ இழு, எந்தப் பக்கம்னு பாத்துட்டு ஓடுறேன்."

கோட்டு கனமாக இருக்கிறது. எனக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. இந்தாருங்கள் கயிறு. அவர் தயாராக நிற்கிறார்.

இழுங்கள்.